தொரசானியைக் கூப்பிடப் போன ஊர்

தொரசானி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்பதைச் செங்கரட்டுப்பட்டியில் முதலில் பார்த்தது பவுன்தாய்தான். அவள் வீட்டு வாசல் தொரசானிக்கு நேர் எதிரே இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் வாசல் தெளிக்க வந்தவள், சாணி வாளியோடு நிமிர்ந்து பார்த்தபோது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஊர்ப் பொதுவெளியான மந்தையின் நடுவில் அசையாமல் நின்ற அந்தக் கல்தூண், தண்ணீர் கொட்டும் சிங்க வாயும் காலடியில் மாடு குடிக்கும் தொட்டியுமாக, நாலு வீடு தள்ளி வீரணன் டீக்கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. பவுன்தாய் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வாளியைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆக, நீயும் கெளம்பிட்டயாக்கும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு மீதி வாசலையும் தெளித்து முடித்தாள்.

தொரசானி என்றதும் வெளியூர்க்காரர்கள் யாரோ வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒருத்தி இருந்தது உண்மைதான். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரையின் பெண்டாட்டியைக் குளிர்காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இந்த மந்தையில் இறக்கி வைத்தார்களாம், யாரோ ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொடுத்தாளாம். குளத்துத் தண்ணீர், அதுவும் கலங்கல். அதையும் குடித்துப் பிழைத்து எழுந்த தொரசானி, அடுத்த வருஷமே மலைச் சுனையிலிருந்து இரும்புக் குழாய் இறக்கி, மந்தையில் ஆளுயரக் கல்தூண் நட்டு, சிங்க வாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழும்படி செய்துவிட்டுக் கப்பலேறினாளாம். சிங்கத்தைக் கண்ணால் பார்த்திராத கல்தச்சன் தன் மாமனார் முகத்தையே செதுக்கி வைத்துவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த முறைப்பைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். முகம் மாமனாருடையதாக இருந்தாலும் பேர் என்னவோ தொரசானி என்றே நின்றுவிட்டது.

பேர் பெண்பேர் ஆனதும் முறையும் பெண்ணுக்குரிய முறையாகிவிட்டது. மலையில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் தொரசானி, ஆகவே ஊருக்கே மருமகள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள் முதல் குடத்தை அவளிடம்தான் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவள் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, 'அக்கா, நானும் வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் அந்த உப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆனது. அதில் பருப்பு வேகாது, டீ போட்டால் திரிந்துபோகும். சோறாக்கவும் குடிக்கவும் தொரசானி தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை.

அதனால் அவள் இடம்பெயர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும், கல் எப்படி நடக்கும் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. யார் என்ன சொன்னது என்றுதான் கேட்டார்கள். ஒரு மருமகள் படியிறங்கிப் போனால் முதலில் எழும் கேள்வி அதுதானே. அவள் முதுகில் தேர்தல் போஸ்டர் ஒட்டியவனும், தொட்டியில் ஆட்டைக் குளிப்பாட்டியவனும், அவள் காலடியில் வெற்றிலை எச்சிலைத் துப்பியவளும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். வீரணனுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. தொரசானி தன் கடையைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று பத்தி கொளுத்தி வைத்து, அன்றைக்கே டீயின் விலையையும் ஏற்றிவிட்டான். மறுநாள் அவள் அவனையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்விட்டாள். வீரணன் பழைய விலைக்கே இறங்கி வந்தான்.

அவள் நடப்பதை யாரும் பார்த்ததில்லை. ஊர் கண்ணசருகிற நேரம் பார்த்து, கொஞ்ச தூரம் போவாள், நிற்பாள். மந்தையில் அறுபட்ட இரும்புக் குழாய் காய்ந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, எந்தக் குழாயோடும் சேராத தூணிலிருந்து தண்ணீர் எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்கே நிற்கிறாள் என்று எதிரில் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் தார்ரோட்டின் நடுவில் நின்ற அன்று பஸ் டிரைவர் ஹாரனைக்கூட அடிக்காமல் ஒதுங்கி வயலோரமாக ஓட்டிப் போனார். 'தொரசானி எறங்கு' என்று கண்டக்டர் தினம் ஒரு இடத்தில் விசில் கொடுத்தார். ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் கையேந்தி ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு, "தண்ணி வருதுல்ல? அப்புறம் என்னய்யா கம்ப்ளெயின்ட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்படி எல்லோரும் தொரசானியின் கோபத்துக்குப் பழகிக்கொண்டிருந்தபோது, பவுன்தாய் மட்டும் அவள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மலையடிவாரத்துக்குப் போகிற ரோடு. பவுன்தாய்க்கு அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் தெரியும். அவளும் ஒரு நாள் அதே ரோட்டில்தான் கோபித்துக்கொண்டு போனாள்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். தொரசானியிடம் பெண்கள் வரிசை கட்டி நின்ற ஒரு காலையில், பவுன்தாய் பிடித்து நிமிர்த்திய குடத்தை மாமியார் ஒச்சம்மாள் வந்து பார்த்தாள். கழுத்தில் புளி போட்டுத் தேய்த்த அடையாளமே இல்லை, இதுதான் உன் வீட்டில் சொல்லிக் கொடுத்த லட்சணமா என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். அதைக்கூடப் பவுன்தாய் பொறுத்துக்கொண்டிருப்பாள். மாமியார் என்றால் அப்படித்தான் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற புருஷன் ஜெயமாயன் அதைப் பார்த்துச் சிரித்தான். வாயில் பல்பொடி நுரையோடு சிரித்தான். பவுன்தாய் காலிக் குடத்தைத் தொரசானியின் காலடியில் வைத்துவிட்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல், மலையடிவாரத்தைத் தாண்டியிருக்கும் தன் பிறந்த ஊருக்கு நடந்தே போய்விட்டாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, கோபித்துக்கொண்டு போன பெண்ணைப் புருஷன் வீட்டார் வந்து கூப்பிட வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தட்டெடுத்து வந்து, தப்பு எங்கள் பேரில் என்று ஒரு வார்த்தை சொல்லி, பெண்ணைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் தடவை கூப்பிட்டதும் பெண் கிளம்பிவிடக் கூடாது, மறுபடியும் வந்து கூப்பிட வைத்துத்தான் கிளம்ப வேண்டும். பவுன்தாய் தினமும் சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்குத் தலைசீவி, முகம் கழுவி, உள்வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பஸ் தினமும் வந்தது, அவளைக் கூப்பிட யாரும் இறங்கவில்லை. அறுப்பு முடிந்தது, மழை வந்தது, அண்ணன் பெண்டாட்டி அவள் கண்ணெதிரில் அரிசியை அளந்து போட ஆரம்பித்தாள். ஒரு நாள் காலை பஸ்ஸில் பவுன்தாய் தானாகவே திரும்பி வந்துவிட்டாள். ஒச்சம்மாள் ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. அதே குடத்தை எடுத்து நீட்டி, "குடிக்கத் தண்ணியில்ல" என்றாள்.

அன்றிலிருந்து பவுன்தாய் 'தானா வந்தவ'. எந்தச் சண்டை எதில் ஆரம்பித்தாலும் அதில்தான் வந்து முடியும். மகள் ராசாத்தியின் கல்யாணப் பேச்சில் இவள் ஒரு வார்த்தை குறுக்கே சொன்னபோதும், "தானா வந்தவதான, உனக்கென்ன பேச்சு" என்றார்கள். ஜெயமாயன் கெட்டவன் இல்லை. சந்தையில் காய்கறி ஏலம் கூறுகிறவன். அவன் குரல் கேட்டால் பக்கத்து ஊர் வியாபாரிகூட விலையை ஏற்றிக் கேட்பான். தக்காளியை, கத்தரியை, ஒவ்வொரு வியாபாரியையும் பேர் சொல்லிக் கூவுகிற அந்த வாய், கட்டின பெண்டாட்டியை 'இந்தா' என்றும் 'ஏ புள்ள' என்றும், மகள் பிறந்த பிறகு 'ராசாத்தி அம்மா' என்றும்தான் கூப்பிட்டது. பவுன்தாய்க்கு அந்தத் துக்கம் நெஞ்சில் கல்லாகவே கிடந்தது. இத்தனை வருஷம் அதன்மேலேயே சோறு தின்று, அதன்மேலேயே படுத்து எழுந்திருந்தாள்.

தொரசானி ஊர் எல்லைக் கல்லைத் தாண்டிய அன்றுதான் செங்கரட்டுப்பட்டிக்குக் கிலி பிடித்தது. ஊருக்குள் சுற்றுவது ஊடல், எல்லை தாண்டினால் பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்றே அர்த்தம். மலைக்குள் ஏறிச் சுனையோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் குடிக்க உப்புத் தண்ணீர்தான். சாவடியில் கூட்டம் போட்டார்கள். அதிக நேரம் பேசவில்லை.

"பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போனா என்ன செய்வோம்? போய்க் கூப்பிடுவோம். அம்புட்டுத்தான்" என்றார் நாட்டாமை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கொட்டுமேளத்தோடு தட்டெடுத்துப் போனார்கள். தொரசானி மலையடிவாரத்துப் பாலத்தை ஒட்டி, புளியமரத்துக்குப் பக்கத்தில், சிங்க முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அரக்குச் சேலை ஒன்றைத் தூணுக்குச் சுற்றிவிட்டார்கள். மறுநாள் சேலை ரோட்டில் கிடந்தது, அவள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தாள். "கலர் பிடிக்கல போல" என்றாள் பக்கத்து வீட்டுச் சிலம்பாயி. அடுத்த நாள் பஞ்சாயத்துத் தலைவர் போய், எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும், மந்தையைச் சுற்றிச் சிமென்ட் போட்டுத் தருவதாகவும் மைக்கில் பேசினார். அதற்கும் அவள் மசியவில்லை. கடைசியில், குரல் நன்றாக இருக்கிறவன் கூப்பிட்டால் காதில் விழும் என்று ஜெயமாயனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்றைக்கு ஊரே பின்னால் நின்றது. பெண்கள் வந்ததோடு ஒரு குடம் பிடித்துப் போகலாம் என்று குடங்களோடு நின்றார்கள், பவுன்தாயும் நின்றாள். ஜெயமாயன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினான். பழக்கதோஷத்தில், "ஒரு தரம்" என்று ஆரம்பித்துவிட்டான். கூட்டம் சிரித்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"தொரசானி! ஆத்தா! தப்பு எங்க பேருலதான். நீ போன அன்னைக்கே வந்து கூப்பிட்டிருக்கணும். வீம்பு பிடிச்சு உக்காந்துட்டோம். நீ இல்லாம வீடு வீடா இல்ல. எங்கள மன்னிச்சு, வா தாயி!"

குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பவுன்தாயின் உடம்பு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. இதே வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையாமல் இதே வார்த்தைகளுக்காகத்தான் அவள் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவனுக்கு இந்த வார்த்தைகள் தெரியாது, சொல்லத் தெரியாத மனுஷன் என்று நினைத்து நினைத்தே மனசை ஆற்றிக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் தெரிந்திருக்கிறது. ஒரு கல்லுக்குக் கொடுக்க இவனிடம் அத்தனையும் இருந்திருக்கிறது.

அவள் முன்னால் போனாள். காலிக் குடத்தைத் தொரசானியின் காலடியில் வைத்தாள். தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் போங்க. நான் வரல" என்றாள்.

ஊர் இதையும் தனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டது. கோபத்தில் இருக்கிற பெண்ணைத் தனியாக விடக் கூடாது, பவுன்தாய் துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள், நல்ல காரியம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பாலத்தடியில் ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்கப் போட்ட ஓலைச் சாளை ஒன்று இருந்தது, அதில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். வீடு வீடாக முறை வைத்துச் சோறு வந்தது. ஜெயமாயன்கூட ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்பி, 'தொரசானிகிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்லு' என்று சொல்லியனுப்பியிருந்தான். பவுன்தாய் அந்தக் குழம்பை மட்டும் தொடவில்லை.

நாள் முழுக்க மனுஷக் குரல் இல்லாமல், தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொரசானிக்கு நெற்றியைத் துடைத்து மஞ்சள் வைத்தாள். ஒரு தடவை மகள் போன் பண்ணினாள்.

"ஏம்மா, எனக்குச் சண்ட வந்து நான் வந்தப்ப உன் மருமகன் மறுநாளே ஓடியாந்தாரு. அப்பா இன்னும் வரலையா?"

"உங்கப்பா தொரசானியக் கூப்பிட வந்தாருடி" என்றாள் பவுன்தாய். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை வந்துவிட்டது.

பவுன்தாய் உட்கார்ந்ததிலிருந்து தொரசானி ஓர் அடிகூட நகரவில்லை என்பதை ஊர் கவனித்தது. ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை. விஷயம் என்ன என்று முதலில் புரிந்துகொண்டது ஒச்சம்மாள்தான். சோறு கொண்டுவந்த சிலம்பாயி அதைச் சொன்னாள், சொல்லும்போது அவளுக்கே நம்ப முடியவில்லை.

"ஒங்க மாமியா மகனப் பிடிச்சு அந்தக் கத்து கத்துச்சு மதினி. 'தொரசானியக் கூப்பிட ஊரு இருக்குடா. அங்க உக்காந்திருக்கவளக் கூப்பிட ஒன்னய விட்டா யாரு இருக்கா? அவ தொணைக்கு உக்காரல, வெறும்பயலே'ன்னு. 'அவ போயி எம்புட்டு வருசம் ஆச்சு, இப்பப் போயா'ன்னு அண்ணன் கேட்டதுக்கு, 'போனவ இன்னும் வரலடா. வந்து தண்ணி சொமந்துக்கிட்டு இருந்தது வேற ஆளு'ன்னுச்சு."

பவுன்தாய் கையிலிருந்த சோற்றுருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தாள். தன்னை அந்த வீட்டில் ஒருத்தி இத்தனை கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் குடத்தைக் கவிழ்த்தவளே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை.

சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். வெளுத்த வேட்டியும் கையில் தட்டுமாக ஜெயமாயன். அவன் பின்னால் இடுப்பில் குடத்தோடு ஒச்சம்மாள். கிழவி புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டாள். பவுன்தாய் பஸ் சத்தம் கேட்டதும் தன்னையறியாமல் முகம் கழுவித் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அதை நினைத்து வெட்கமாக இருந்தது. தூணுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயமாயன் வந்து நின்றான். தட்டை நீட்டியபடி தூணைப் பார்த்தான், தூணின் ஓரத்தில் தெரிந்த சேலைத் தலைப்பைப் பார்த்தான். வியர்த்து ஊற்றியது.

"யாரக் கூப்பிட வந்தீங்க?" என்று கேட்டாள் பவுன்தாய், முகத்தைக் காட்டாமல்.

"ஒன்னயத்தான்."

"எனக்குப் பேரு இருக்கு."

மொத்தச் சந்தையையும் தன் குரலால் கட்டியாண்ட அந்த மனுஷனுக்கு நாக்கு எழும்பவில்லை. பிறகு "பவுன்தாயி" என்றான். அது அவன் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"தண்ணி சத்தத்துல கேக்கல."

"பவுன்தாயி" என்றான் மறுபடி. இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. ஏலம் கூறுகிற குரல் இல்லை, யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரல். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அவனுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பவுன்தாய் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தொரசானியின் தண்ணீர் கொட்டுகிற சத்தம் அத்தனை இருந்தும் புளியமரத்தடிவரை அது கேட்டது. ஜெயமாயன் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டேயிருந்தான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு பவுன்தாய் சொன்னாள்:

"மொதத் தடவ கூப்பிட்டதும் கெளம்பிட்டா அது மரியாதையா இருக்காது. நாளைக்கு வாங்க."

ஜெயமாயன் திகைத்துப்போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஒச்சம்மாள் மரத்தடியிலிருந்து வந்தாள். மருமகள் முகத்தை அவள் பார்க்கவில்லை. கொண்டுவந்த குடத்தைச் சிங்க வாய்க்கு நேராகப் பிடித்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது குடம். நிறைந்ததும், முதுகு வளைய அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அவ சொல்றது ஞாயந்தான்டா. நாளைக்கு வருவோம்" என்றாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய மகனிடம் குடத்தைக் கொடுக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தானே சுமந்துகொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் அவர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை ஊரும் கூடவே வந்தது. ஜெயமாயன் எல்லோர் முன்னிலையிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பவுன்தாய் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, தட்டிலிருந்த பூவை எடுத்து முதலில் தொரசானிக்கு வைத்தாள், மீதியைத் தனக்கு வைத்துக்கொண்டாள். "வாறேன் அக்கா" என்று சொன்னாள். பஸ்ஸில் ஏறாமல், தான் போன ரோட்டிலேயே நடந்து வந்தாள். ஊர் அவள் பின்னால் நடந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அவள் வாசல் தெளிக்க வந்தபோது, தொரசானி மந்தையில் நின்றுகொண்டிருந்தாள். பழைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, காய்ந்த இரும்புக் குழாயைக் கண்டுகொள்ளாமல், கல்தச்சனின் மாமனார் முகத்தை நேராகப் பவுன்தாய் வீட்டு வாசலுக்குத் திருப்பிக்கொண்டு நின்றாள். தண்ணீர் எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது.

செய்தி கேட்டு அந்த ஓவர்சியர் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் வந்தார். தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கையேந்தி ரெண்டு மடக்குக் குடித்தார். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒச்சம்மாளைப் பார்த்து, "என்ன பாட்டி, தானா வந்துருச்சாக்கும்?" என்றார்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பவுன்தாயின் கை குடத்தின் விளிம்பில் அப்படியே நின்றது. ஒச்சம்மாள் எட்டி, தொரசானியின் மேல் தெறித்துவிடாமல், தூரமாகத் துப்பினாள்.

"எவடா தானா வந்தது?" என்றாள். "ரெண்டு பேரையும் போய்க் கூப்பிட்டுத்தான் கூட்டியாந்தோம்."